மடிக்கொடியில் தொங்கிய மல் துணி

இனிமேல் தொழில் விஷயத்தில் மனைவி விசாலாக்ஷியின் பேச்சைக் கேட்பதில்லை என்று சுப்பராமன் கபாலி கோயில் இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தியம் செய்தார். மாட வீதியில் வீட்டு முன்னறையிலேயே போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பது அவர். படம் எடுக்க வெளிச்சத்துக்காகத் தட்டில் மக்னீசியப் பொடியைக் கொட்டிக் கொளுத்துவது அவர். வெளிச்சத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? தெரிந்த மாதிரியல்லவா பேசுகிறாள்!

விஷயம் இதுதான். வக்கீல் கோதண்டபாணியின் பெண் ஜானுவைப் படம் எடுத்துத் தியாகராய நகரில் ஒரு வரனுக்கு அனுப்பினார்கள். பொடி புஸ்ஸென்று பற்றிக்கொண்டதில் மாநிறப் பெண்ணின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராக விழுந்திருந்தது. கண்கள் திருடனைக் கண்ட மாதிரி முழித்தன. பெண்ணுக்கு ஏதாவது வியாதியா என்று கேட்டுப் படத்தைத் திருப்பிவிட்டார்கள். மறுபடி எடுங்கள், இதுவும் இப்படியானால் மவுண்ட் ரோடு ஸ்டூடியோவுக்குப் போவேன், போகிற வழியில் நாலு மாட வீதியிலும் காரணத்தைச் சொல்லிக்கொண்டே போவேன் என்று கோதண்டபாணி மிரட்டிவிட்டுப் போனார்.

சாதம் பரிமாறும்போது விசாலாக்ஷி மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏன்னா, பொடிக்கும் பொண்ணுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு மல் துணியைத் தொங்க விடுங்கோளேன். வெளிச்சம் வடிஞ்சு வரும்."

"வெளிச்சம் என்ன, காப்பி டிகாக்ஷனா, வடிகட்டறதுக்கு?"

அவள் மோர் ஊற்றினாள்.

ஜானு வரவேண்டிய அன்று காலை விசாலாக்ஷி கோயிலுக்குக் கிளம்பினாள். வாசல்படியில் நின்று, "பின்கட்டுக் கொடியில வெள்ளைத் துணி தொங்கறது. மடி. உங்க கை மட்டும் அதுமேல படப்படாது, சொல்லிட்டேன்," என்றாள்.

அதற்குள் சுப்பராமனுக்கு ஞானம் பிறந்திருந்தது. அவள் சொன்னதுதான் சரி. ஆனால் அவளிடமே போய்த் துணி கேட்பதாவது! முன்னறையில் ஜானு உட்கார்ந்துவிட்டாள். கோதண்டபாணி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுப்பராமன் பூனை மாதிரி பின்கட்டுக்கு நழுவினார்.

அங்கே அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆசாரத்துக்கு உலர்த்தும் மடித்துணி, யார் கையும் படாமல், கூரையை ஒட்டிய கொடியில்தான் தொங்கும். கோலை வைத்துத்தான் எடுக்கவேண்டும். இன்றைக்குக் கொடி கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. துணியோ புத்தம் புது மல். மேல் ஓரத்தில் வரிசையாகப் பித்தளை வளையங்கள் தைத்திருந்தன. கீழ் ஓரத்திலும் அப்படியே. மடித்துணிக்கு வளையம் எதற்கு? ஏதாவது வேண்டுதலா? மேலேயும் கீழேயும் எதற்கு? யோசிக்க நேரமில்லை. கண்ணை மூடிக்கொண்டு உருவினார். பாவம் கையில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

முன்னறையில் குறுக்கே கயிறு கட்டி வளையங்களைக் கோத்தால், அளவெடுத்துத் தைத்த மாதிரி கனகச்சிதமாக நின்றது. தெய்வ சங்கல்பம் என்று எண்ணிக்கொண்டு பொடியைக் கொளுத்தினார். விசாலாக்ஷி திரும்புவதற்குள் துணி பழைய இடத்துக்குப் போய்விட்டது.

படத்தில் ஜானு ஜானுவாகவே இருந்தாள். கன்னத்தில் நிழல் பதமாக இறங்கியிருந்தது. தியாகராய நகர்க்காரர்கள் மறு வாரமே பெண் பார்க்க வந்து, நிச்சயதார்த்தத் தட்டும் மாற்றிக்கொண்டார்கள். கோதண்டபாணி தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சுப்பராமனைப் புகழ்ந்தார்.

சுப்பராமனுக்குத் தலைகால் புரியவில்லை. படத்தின் பிரதி ஒன்றை மனைவியிடம் நீட்டி, எல்லாம் தன்னுடைய யுக்தி என்று பெருமை அடித்துக்கொண்டார். அவள் ஜன்னலோரம் கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள். அவள் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு உறுத்தியது.

"விசாலம், அன்னிக்கு உன் மடித்துணியைத் தொட்டுட்டேன்."

"தெரியும். எடுத்துக்கோங்கோன்னு சொல்லியிருந்தா தொட்டிருப்பேளா?"

அவள் படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மூக்கு நுனி இன்னும் பளபளங்கறது. அடுத்த தரம் துணியை ரெட்டையா மடிச்சுத் தொங்க விடுங்கோ. அதுக்குத்தானே ரெண்டு ஓரத்துலயும் வளையம் தெச்சிருக்கேன்."