காற்றுக்கட்டிச் சாமியார்

ஈஜோக் தோட்டப்புறத்தில் காற்றையே கட்டிப்போடும் சாமியார் ஒருவர் வந்து இறங்கியிருக்கிறாராம்! கோலா சிலாங்கூர் சந்தைக்கு மீன் வாங்கப் போனவர்கள் மீனை மறந்துவிட்டுச் சாமியாரைப் பற்றியே பேசினார்கள். செகிஞ்சானிலிருந்து படகுக்காரச் சீனர்கள் இருவர் கார் போட்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "சீனவங்களே வர்றாங்கன்னா சும்மாவாலா?" என்றார்கள் நம்மவர்கள். அதோடு ஆராய்ச்சி முடிந்தது.

நடந்தது எண்பதுகளின் நடுவில். அந்த ஆண்டு ஒரு விடியற்காலையில் கடல் பக்கமிருந்து அடித்த காற்று, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் தகரக் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனது. அதே மாதம் தொலைக்காட்சிச் செய்தியில், பிலிப்பைன்சை ஒரு சூறாவளி புரட்டிப் போட்டதைக் காட்டினார்கள். பயம் நன்றாக விளைந்து நின்றது. அறுவடைக்கு நாகமணி சுவாமிகள் வந்துவிட்டார்.

எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோப்பின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. கதவு, சன்னல் எல்லாம் சாத்தப்பட்டிருக்கும். நடுவில் பெரிய குத்துவிளக்கு. அதற்கு நேர் மேலே, உத்தரத்திலிருந்து நூலில் தொங்கும் செப்புத் தகட்டுப் பாம்பு. சுருள் சுருளாக வெட்டிய பாம்பு. சாமியார் கண்ணை மூடி "வாயுவே வா!" என்பார். பொட்டுக் காற்றில்லாத அறையில் பாம்பு மெல்லச் சுழலும். சூடத்தை அள்ளி விளக்கில் போட்டால் விர்ரென்று சுழலும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிடிபட்ட வாயுவைச் சிவப்புக் கயிற்றில் முடிந்து தருவார். கூரையில் கட்டினால் கூரை நிற்கும். கையில் கட்டினால் ஆள் நிற்பார்.

ஒரே ஒரு நிபந்தனை. கயிறு கட்டிய கூரையில் ஆணி அடிக்கக் கூடாது. இரும்பு பட்டால் வாயுவுக்குக் கோபம் வந்துவிடும். கயிறு கட்டியும் கூரை பறந்தால் என்ன அர்த்தம்? எங்கோ ஆணி இருந்தது என்று அர்த்தம். ஆணி இல்லாத கூரை நாட்டில் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை.

"பிலிப்பைன்சுல அடிச்ச சூறாவளி இங்க ஏன் வரல? யாரு தடுத்தா?" என்று சாமியார் கேட்பார். கூட்டம் அவரையே பார்க்கும். அவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார்.

இந்தச் சாமியாருக்குக் கூலி வாங்காத விளம்பரதாரர் கார்த்திகேசு. வாரமெல்லாம் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஞாயிற்றுக்கிழமை கழுவித் துடைத்து, லயத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார். நல்ல மனிதர். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது, சாமியாருக்கும்கூட.

வீட்டில் அவருடைய மகள் இந்துமதிக்கு எட்டு வயது. அந்தத் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்ததிலிருந்து வானம் கறுத்தாலே மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். மழைக் குறி தெரிந்தால் பள்ளிக்கூடம் இல்லை. கார்த்திகேசு ஆசையாக ஒரு கயிறு வாங்கி வந்து அவள் கையில் கட்டினார்.

"அப்பா, கயிறு அறுந்துட்டா?"

அறுந்தால் என்ன ஆகும் என்று சாமியார் சொல்லித் தரவில்லை. அன்றிலிருந்து பிள்ளை நிமிஷத்துக்கொரு தரம் கயிற்றைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தது.

ராவாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவர் மனைவி கலாவதிக்குப் பொறுக்கவில்லை. "மொதல்ல காத்துக்கு மட்டும்தான் பயந்துச்சு. இப்ப கயித்துக்கும் பயப்படுது. ரொம்ப நல்லா வைத்தியம் பாத்தீங்க!" என்றாள். நூலகத்திலிருந்து வானிலையைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். இந்துவையும் அவள் தம்பி சேதுவையும் உட்காரவைத்துச் சூறாவளிப் பாடம் நடத்தத் தொடங்கினாள். அடுத்த வாரம் அவளுக்குச் சாயங்கால வேலை வந்துவிட்டது. பாடம் கார்த்திகேசின் தலையில் விழுந்தது.

"எனக்கென்னலா தெரியும்?"

"புத்தகத்துல படம் போட்டிருக்கு. பாத்துச் செய்ங்க."

புத்தகத்தில் ஒரு காகிதச் சுருளும் மெழுகுவத்தியும் இருந்தன. கார்த்திகேசு பழைய காலண்டர் தாளை வட்டமாகச் சுருள் வெட்டினார். நூலில் கட்டித் தொங்கவிட்டார். மெழுகுவத்தியைக் கீழே கொண்டுபோனார். தாள் பற்றிக்கொண்டது.

"அக்கா, அப்பா சூறாவளியைக் கொளுத்திட்டாரு!" என்று சேது கைதட்டினான்.

சுட்டுக்கொண்ட விரலைச் சூப்பிக்கொண்டே இன்னொன்று வெட்டி, இந்தத் தடவை உயரமாகப் பிடித்தார். சுருள் சுழன்றது. புத்தகத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டிச் சொன்னார். "சூடான காத்து மேல போவுது. கீழ காலியாற எடத்துக்கு மத்த காத்து ஓடியாருது. கடல் சூடானாலும் அப்பிடித்தான். பூமி சுத்துறதால அந்தக் காத்து வளைஞ்சு வளைஞ்சு சூறாவளியா ஆவுது."

"நம்ம ஊருக்கு வருமாப்பா?"

கார்த்திகேசு பக்கத்தைப் புரட்டினார். "நாம பூமத்தியரேகை கிட்ட இருக்கோம். இங்க அதுக்குச் சுத்த வராதாம். நமக்கு வர்றது விடியக்காலம் அடிக்கிற சுமாத்ராக் காத்து. கொஞ்ச நேரம் ஆட்டம் போட்டுட்டுப் போயிடும்."

"அப்ப கூரைய நல்லா அடிச்சு வச்சாப் போதும்ல?" என்றாள் இந்து. கயிற்றை அவளே கழற்றி மேசைமேல் வைத்தாள். கார்த்திகேசுக்கு ஒரு பக்கம் பெருமை, இன்னொரு பக்கம் சாமியாருக்குத் துரோகம் செய்துவிட்ட உறுத்தல்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல லோரி போனது. அன்று அதில் அன்னம்மாவும் இருந்தார். காற்றில் கூரை பறந்த விதவை. தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் கொடுத்த புது ஆணிகளைத் தொடாமல், தகரத்துக்கு மேல் கல்லை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்.

கொட்டகையில் சாமியார் வாயுவை அழைத்தார். பாம்பு சுழன்றது. கார்த்திகேசு கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றது. விரல் நுனியில் தீக்கொப்புளம் இன்னும் ஆறவில்லை. பாம்பைப் பார்த்தார். அதற்கு நேர் கீழே விளக்கைப் பார்த்தார். மறுபடி பாம்பைப் பார்த்தார். அவருடைய மூளை, ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பாராமல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

"ஒனக்குச் சாதாரணக் கயிறு தாங்காது. பெரிய கட்டு வேணும். தோட்டைக் கழட்டி வை தாயி" என்றார் சாமியார். அன்னம்மாவின் கை காதுக்குப் போனது.

கார்த்திகேசு எழுந்தார். "சாமி, வெளக்க அணைச்சிட்டு ஒரு தடவ கூப்பிடுங்களேன்."

"இருட்டுல வாயு வராதுப்பா."

"போன மாசம் இருட்டுலதானே சாமி வந்துச்சு? கூரையெல்லாம் கொண்டுபோச்சே!"

யாரோ சிரித்தார்கள். கார்த்திகேசு லோரியிலிருந்து டார்ச் எடுத்து வந்து கதவை மறுபடி சாத்தினார். விளக்கை ஊதி அணைத்து, பாம்பின்மேல் டார்ச் அடித்தார். பாம்பு தயங்கியது. தள்ளாடியது. நின்றது. சாமியார் தமிழில் அழைத்தார். புரியாத பாஷையில் அழைத்தார். தொண்டை கட்டும்வரை அழைத்தார். வாயு லீவு போட்டுவிட்டார்.

"அன்னம்மாக்கா, நீங்க வெளக்க ஏத்துங்க. ஒண்ணும் சொல்ல வேணாம்."

அன்னம்மா ஏற்றினார். மந்திரம் தெரியாத அந்தக் கைக்கும் பாம்பு சுழன்றது. ஊதினார், நின்றது. ஏற்றினார், சுழன்றது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அடப்பாவி! இதுக்கா என் தோட்டக் கேட்ட?"

"வாயு அவ பக்திக்குக் கட்டுப்பட்டுட்டாரு..." என்று சாமியார் ஆரம்பித்தார். கொட்டகையில் எழுந்த சிரிப்பில் மீதி கேட்கவில்லை. கூட்டம் கயிறுகளை அவிழ்த்து அவர்மேல் வீசிக்கொண்டிருக்கும்போதே பின்கதவு திறந்து மூடியது. செம்பனை மரங்களுக்கிடையில் ஒரு காவி வேட்டி ஓடியது. காற்றைக் கட்டியவர் காற்றாய்ப் பறந்தார்.

மறுநாள் சாயங்காலம் கார்த்திகேசு வேலை முடிந்து வந்தபோது வாசலில் செருப்புக் குவியல். பக்கத்து வீட்டுத் தங்கராஜு தலைமையில் லயமே தேங்காய் பழத்தட்டோடு நின்றது.

"என்னலா விசேஷம்?"

"அந்தாளு டூப்பு அண்ணே. நீங்கதான் அசல். ஒங்க ஒரு வார்த்தைக்கு வாயு நின்னுட்டாருல்ல! எங்களுக்கும் ஒரு கயிறு முடிஞ்சு குடுங்க" என்று தங்கராஜு அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பின்னால் நின்றவர்களும் இடம் பார்த்து விழத் தயாரானார்கள்.

உள்ளே கலாவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. கார்த்திகேசு குனிந்து தங்கராஜுவைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"தம்பி, காலுல ஒண்ணும் இல்லலா. நீ தரையில வச்சு முட்டிக்கிட்டு இருந்தியே, அதுக்குள்ளதான் எல்லாம் இருக்கு. அடுத்த சாமியார் வர்றதுக்குள்ளயாவது ஒரு தடவ அதத் தொறந்து பாரு!"