ஜிக்ஜாக் ஃபுட்டும் ஒரு ஜன்னலோர சீட்டும்

பழைய சாமான் விற்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. "எல்லாம் சரியா இருக்கு" என்று அவர்கள் சொல்வது இருக்கிற பாகங்களைப் பற்றி மட்டும்தான். இல்லாதவற்றைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. (கேட்கிற ஆளாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.)

அடையாறில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடம் அந்தத் தையல் மெஷினை வாங்கினேன். கரண்டில் ஓடும் வெளிநாட்டு மெஷின். என் மனைவி ஸ்டெல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறவளுக்கு வெள்ளை கவுனைத் தானே தைப்பதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். துணியை வெட்டி, பாதி தைத்தும் விட்டாள். லேஸ் வைக்க ஆரம்பித்தபோதுதான் டக்கென்று ஊசி ஒடிந்தது. வேறு ஊசி போட்டாள். அதுவும் ஒடிந்தது.

"இதுல இருக்கிறது நேர்த்தையலுக்கான ஃபுட்டுங்க. லேஸுக்கு ஜிக்ஜாக் போட்டா ஊசி பக்கவாட்டுல போய் இதுல இடிக்குது. மீதி ஃபுட்டெல்லாம் எங்க?"

ஃபுட் என்பது ஊசிக்கு அடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டு. தையலுக்குத் தையல் வேறு ஃபுட் மாட்ட வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

விஷயம் என் மாமனார் காதுக்குப் போனது. பிரியாணி கான்ட்ராக்டர். என்னைப் பற்றி அவருக்கு எப்போதுமே ஓர் அபிப்பிராயம் உண்டு. "கடையில குடுத்திருக்கலாமே மாப்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்டெல்லாவின் அக்கா மகள் போட்டுப் பழசான கவுனை அனுப்பிவைத்தார். அதைப் பார்த்ததும் என் மகள் அழ ஆரம்பித்தாள். ஃபுட் இல்லாமல் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று சனிக்கிழமை நான் கிளம்பினேன்.

மோட்டாரிலும் கருகிய வாசனை வந்ததால் அதையும், ஒயரோடு கூடிய பெடலையும் கழற்றி ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டேன். என் மச்சினன் கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை. மணமக்கள் பெயருக்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், மாமனாரின் பிரியாணி விளம்பரமும் செல் நம்பரும் அச்சாகியிருந்தன.

மயிலாப்பூரில் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் தி. நகர் சந்து ஒன்றில், ஒரு கடைக்கார பாய் பெரிய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார். விதவிதமான ஃபுட்டுகள்.

"தேடிக்கோங்க சார். இருந்தா உங்க நசீபு."

இருந்தது! பாய் மோட்டாரையும் சரிசெய்து, ஓட்டிக் காட்டினார். சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவர் பின்வாங்கிவிட்டார்.

தி. நகர் பஸ் ஸ்டாண்டில் சனிக்கிழமை சாயங்காலக் கூட்டம். எங்கள் பக்கம் போகும் பஸ் வந்து நின்றதும் எல்லாரும் பாய்ந்தார்கள். சென்னைக்காரன் இந்த நேரத்தில் என்ன செய்வானோ அதைத்தான் நானும் செய்தேன். ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு சீட் பிடித்தேன். படிக்கட்டை நோக்கி முண்டும்போது யாரோ கத்தினார்கள்: "முன்னாடி நிக்கிற வண்டிதான் ஃபர்ஸ்ட் எடுக்கிறாங்க!"

கூட்டம் அங்கே ஓடியது. கூட்டத்தோடு நானும் ஓடினேன். ஏறி, கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்கிய பிறகுதான் என் கை காலியாக இருப்பது தெரிந்தது.

குதித்து இறங்கித் திரும்பி வந்தால், பின்னால் நின்ற பஸ்ஸில் ஒரு ஆள்கூட இல்லை. தூரத்தில் வட்டமாகக் கூட்டம். போலீஸ் விசில்.

"இன்னாங்க ஆச்சு?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.

"பாம் வச்சிக்கிறானுங்களாம் சார்!"

 "இவனுங்களை எல்லாம் சும்மா விடக் கூடாதுங்க" என்றேன். (சத்தமாகவே சொன்னேன். நாலு பேர் தலையாட்டினார்கள்.)

"லேடீஸ் சீட்ல ஒரு மஞ்சப்பை. ஒயரு தொங்கினு கீது. எந்தப் பொம்பளையும் தன்னுதுன்னு சொல்லல."

என் பைதான். அவசரத்தில் பெண்கள் பக்க ஜன்னலில் போட்டிருக்கிறேன்! போய்ச் சொல்லலாம், தர்ம அடி விழும். ஓடிப் போகலாம்; ஃபுட் உள்ளே இருக்கிறது. நாளைக்குக் காலையில் பூசை. நகரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அங்கேயே வேர்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் ஒரு கான்ஸ்டபிள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, பையில் இருந்த நம்பரைப் படித்தார். இன்ஸ்பெக்டர் தன் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது.

"தி. நகர் பஸ் ஸ்டாண்ட்ல உங்க கல்யாணப் பை கிடக்குது. உள்ள பாம் மாதிரி என்னவோ இருக்கு. யார்து?"

என் மாமனாரின் குரல் கணீரென்று வந்தது. அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"எங்க மாப்ளைதான் சார்."

"என்னங்க சொல்றீங்க?"

"ஆமா சார். வேற யாரு பண்ணுவா? ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கினு, திருதிருன்னு முழிச்சிக்கினு நிப்பாரு. அங்கதான் இருப்பாரு, பாருங்க."

கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. நான் கண்ணாடியைக் கழற்றினேன். அது எதற்கும் உதவவில்லை.

டைம் கீப்பர் அறையில் மோட்டாரை பிளக்கில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். நான் பெடலை அழுத்தினேன். கான்ஸ்டபிள் மேஜைக்கு அடியில் குனிந்தார். மோட்டார் சமர்த்தாகச் சுற்றியது. இன்ஸ்பெக்டர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்து, வந்துகொண்டிருந்த மோப்ப நாயைத் திரும்பிப் போகச் சொல்லி போன் செய்தார். பையைத் துழாவினேன். ஃபுட்டைக் காணோம். போலீஸ்காரர்கள் பையைக் கம்பால் இழுத்தபோது பஸ்ஸிலேயே விழுந்திருக்க வேண்டும்.

மறுபடி அந்த பஸ்ஸில் ஏறி, சீட்டுகளுக்கு அடியில் தவழ்ந்தேன். என்னை அடிக்க வந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் நிலைமையைச் சொன்னேன். புதுநன்மை, கவுன், மகளின் அழுகை, எல்லாவற்றையும் சொன்னேன்.  பட்டினப்பாக்கத்து மீன்காரம்மா ஒருவர் காலி அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரும் குனிந்தார். பிறகு பாதி பஸ் குனிந்தது.

கடைசியில் மீன்காரம்மாதான் எடுத்துக் கொடுத்தார். "இந்தாய்யா. இத்தினிக்கூண்டு இரும்புக்கா எங்க உசுர வாங்கின? போ, புள்ளைக்கு சட்டய தச்சிக் குடு."

கவுன் அன்றிரவே தயாரானது. லேஸ் வைத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவிடம் பொருமினேன். "போலீஸ் கேட்டதும் உங்க அப்பா யோசிக்காம என்னைச் சொல்லிட்டாரே!"

அவள் மெஷினை நிறுத்தவில்லை. "எனக்கு போன் பண்ணியிருந்தா நானும் உங்களைத்தான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

மறுநாள் வெள்ளை கவுனில் மகள் பீடத்தை நோக்கி நடந்தபோது எனக்குக் கண் கலங்கியது. மாமனாருக்கும்தான். ஆனால் அன்றிலிருந்து எங்கே என்ன வெடித்தாலும் என் போன் அடிக்கும். "மாப்ள, எங்க இருக்கீங்க?" போன மாதம் ஒரு கல்யாண வீட்டுக்கு வெளியே டிரான்ஸ்பார்மர் வெடித்தது. நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் பிரியாணியைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்படியும் மனிதர் போனை எடுத்து, என் நம்பரைப் போட்டுவிட்டார்.