மஞ்சள் விளக்கும் கேரண்டி மேஸ்திரியும்

சந்தேகம் என்றால் என்னவென்றே தெரியாமல் அறுபது வயதைத் தாண்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருத்தர்தான் இருந்திருக்க முடியும். அவர் மரக்காணத்தில் நான் வேலை பார்த்த உப்பளத்துக்கு மேஸ்திரி. சொந்தப் பெயர் அவருடைய சம்சாரத்துக்காவது ஞாபகம் இருந்ததா, தெரியாது. எதைச் சொன்னாலும் கடைசியில் 'கேரண்டி' என்று முத்திரை குத்துவார். அதனால் ஊருக்கே அவர் கேரண்டி மேஸ்திரி.

ஒரு சித்திரையில் திடீரென்று வானம் கறுத்தது. வாரிக் குவித்திருந்த உப்பை மூடிவிடலாமா என்று முதலாளி கேட்டார். மழை வராது, கேரண்டி என்றார் மேஸ்திரி. கொஞ்ச நேரத்தில் குவியலில் பாதி கரைந்து வந்த வழியே கடலுக்குப் போய்விட்டது. தொப்பலாக நனைந்தபடி அண்ணாந்து பார்த்தவர், "இது மழையில்ல, தூத்தல்" என்றார். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஆபீஸ் ஃபேனை அவர் ரிப்பேர் செய்த கதையும் உண்டு. அதற்கப்புறம் அது ஒரே வேகத்தில்தான் ஓடியது. மேஜையில் டீ கிளாஸைத் தவிர எதுவும் நிற்காது. ஃபேனுக்கு அதுதான் சரியான வேகம், மற்றதெல்லாம் கம்பெனிக்காரன் அழகுக்கு வைத்தது என்று சொல்லிவிட்டார்.

இப்பேர்ப்பட்டவரிடம் என் பைக்கை ஏன் ஒப்படைத்தாய் என்று கேட்பீர்கள். வேறு வழி இல்லை, சாமி!

என் மனைவி கலாவுக்குக் கோட்டக்குப்பத்தில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்திருந்தது. படித்துவிட்டு வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்து கிடைத்த வேலை. சம்பளத்தைவிட அந்த வெள்ளைக் கோட்டின் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. காலையில் பஸ் கிடைக்கும். சாயங்காலம் ஈ.சி.ஆரில் பஸ் நின்றால் அதிசயம், நான்தான் போய்க் கூட்டிவர வேண்டும். அதற்கென்றே புது பைக் வாங்கினோம்.

வாங்கிய கொஞ்ச நாளில் மீட்டரில் ஏ.பி.எஸ். என்ற மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. பிரேக்கை அழுத்தினால் சக்கரம் இறுகி வழுக்கிவிடாமல் காப்பாற்றும் சங்கதி அது. விளக்கு எரிந்தால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒழுங்காக எரிந்தாலும் பரவாயில்லை. நினைத்தால் எரியும், நினைத்தால் அணையும். ஒரு நாள் மத்தியானம் பாண்டிச்சேரிக்கு சர்வீஸ் செய்யக் கொண்டுபோனேன். வீட்டில் அழுது புரண்டுவிட்டு டாக்டரைப் பார்த்ததும் சிரிக்கிற குழந்தை மாதிரி, வண்டி அங்கே சமர்த்தாக நின்றது. கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் திரும்பும்போது கீழ்புத்துப்பட்டுத் தாண்டவில்லை, மறுபடி மஞ்சள்.

அந்த வாரமே கலாவோடு வரும்போது ஒரு கார் குறுக்கே புகுந்தது. பிரேக் அடித்தேன். முன்சக்கரம் வழுக்கி, வண்டி சாய்ந்து, காலை ஊன்றித் தப்பித்தோம். கலா இறங்கி நடக்க ஆரம்பித்தாள்.

"இந்த லைட்டு அணையற வரைக்கும் நான் ஏறமாட்டேன்."

இரண்டு நாள் லீவு போட்டாள். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி வெள்ளைக் கோட்டைத் துவைத்து, மடித்து, பீரோவின் அடித்தட்டில் வைத்தாள்.

விஷயம் மேஸ்திரி காதுக்குப் போனது. பைக்கை ஒருமுறை சுற்றி வந்து, பிரேக் ஆயில் கம்மி, கேரண்டி என்றார். ஊற்றினோம், விளக்கு எரிந்தது. பேட்டரி, கேரண்டி என்றார். சார்ஜ் போட்டோம், எரிந்தது. சுவிட்ச் என்றார், ஃபியூஸ் என்றார். ஒவ்வொன்றும் பொய்யாகப் பொய்யாக அவருக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. கடைசியில், விளக்கு எரியும்போது ஓட்டிப் பார்த்தால்தான் சீக்கு தெரியும் என்று உப்பள வரப்பில் வண்டியை விரட்டி, பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தார். வண்டி வழுக்கி வரப்பில் படுத்தது. மேஸ்திரி பாத்திக்குள் உட்கார்ந்திருந்தார். மீசை வரைக்கும் உப்புத் தண்ணீர்.

"பிரேக் புடிக்குது. வழுக்காம நிறுத்துறதுதான் வேல செய்யல. கேரண்டி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி வந்தார். மத்தியானம் அணைகிறது, சாயங்காலம் கடல் காற்று வந்தால் எரிகிறது, அப்படியென்றால் எங்கேயோ ஈரம் என்றார். எனக்கே அது நியாயமாகப் பட்டது. கோணியை விரித்து முன்சக்கரத்தின் கீழ் படுத்து, சக்கரத்திலிருந்து மேலே போகும் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். ஹெட்லைட்டுக்குப் பின்னால் அதன் இணைப்பு பச்சைப் பசேலென்று களிம்பு பூத்துக் கிடந்தது. அதன் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எழுந்து தண்ணீர் வரும் இடத்துக்குக் கையை விட்டவர், அதை வெளியே எடுக்கவில்லை.

உள்ளே ஒரு மஞ்சள் துணி முடிச்சு. சீசனில் முதலில் வாரிய உப்பை முடிந்து புது வண்டியில் கட்டுவது எங்கள் உப்பளத்து வழக்கம். திருஷ்டி படாது, விபத்து வராது. கட்டியவர் வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. வெயிலில் காய்ந்து கிடக்கும் உப்பு, கடல் காற்றில் கசிந்து ஒயர் மேல் சொட்டியிருக்கிறது.

நான் கட்டவில்லை. கலா கட்டவில்லை. மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோட்டுல காருங்க கண்ணு மண்ணு தெரியாம வருதுப்பா. அந்தப் பொண்ணு பின்னாடி உக்காந்து போவுது. அதான் கட்டுனேன்."

திட்டலாம் என்று வாயைத் திறந்தவன், முடிச்சை அவிழ்த்து ஓரமாக வைத்தேன். அவரே இணைப்பைத் துடைத்து, காயவைத்து, கிரீஸ் தடவி மூடினார். விளக்கு அணைந்தது. இருட்டும்வரை தெருவில் ஓட்டிப் பார்த்தோம், எரியவில்லை. கலா வெளியே வந்து அவரிடம்தான் கேட்டாள்.

"நம்பி ஏறலாமா மேஸ்திரி?"

நான் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் வாயில் அது வரவில்லை.

"நான் பின்னாடியே வர்றேம்மா" என்றார்.

அந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் கிளினிக் வாசலுக்கு வந்து, தன் ஓட்டை மொபெட்டில் புகை விட்டுக்கொண்டு வீடு வரை எங்கள் பின்னாலேயே வந்தார். மஞ்சள் விளக்கு எரியவேயில்லை. கலா ஒரு தடவைகூட மீட்டரை எட்டிப் பார்க்கவில்லை, திரும்பித் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

இப்போது கோட்டக்குப்பத்துக்கே குடிவந்துவிட்டோம். அந்த முடிச்சைக் கலா ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடிக் கைப்பையில் வைத்திருக்கிறாள். எனக்கும் ஒரு கிறுக்கு ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் கடல் காற்று முகத்தில் பட்டதும், அந்த மொபெட் வருகிறதா என்று கண் தானாகப் பக்கக் கண்ணாடிக்குப் போகிறது.