பரஸ்தானம் வைத்த கார்

சென்னையில் கார் வாங்குகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். காருக்கு அடியில் போய்ப் படுக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதிலும் படுப்பதே பிழைப்பு என்றிருக்கும் மெக்கானிக்குகளைக் கழித்துவிடுங்கள். மீதி நிற்கிறார்களே, நல்லதாக வேறொரு உத்தியோகம் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் மட்டும் காருக்கு அடியில் போய்ப் படுக்கிறவர்கள், அவர்களைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறேன். வீட்டு மெக்கானிக் என்பது இந்த இனத்தின் பெயர். அடுக்ககத்துக்கு ஒருவர் உண்டு. இரண்டு பேர் இருந்தால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது.

இவரைக் கண்டுபிடிப்பது எப்படி? "வண்டியை சர்வீஸுக்கு விடணும்" என்று காற்றுவாக்கில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். எந்த மாடியில் இருந்தாலும் இறங்கி வந்துவிடுவார். "அங்கே உள்ளே என்ன பண்றான்னு நேர்ல பாத்திருக்கேளா?" என்பார். நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். அவரும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வெள்ளைக்காரர், கல்யாண மண்டபம் போல விசாலமான ஷெட்டில், வழித்துவிட்டாற்போன்ற சமதரையில், வண்டியை ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரத்துக்கு முட்டு வைத்து, வண்டியை ஒரு தரம் உலுக்கிப் பார்த்து, அப்புறம் சாவகாசமாக அடியில் போய் ஆயில் மாற்றுகிற வீடியோவை இவர் பதினேழு தடவை பார்த்திருப்பார். ஆயில் மாற்றுகிற பகுதியை மட்டும். அதற்கு முன்னால் வருகிற ஆறு நிமிஷத்தை விரலால் தள்ளிவிடுவார். தூக்குவதில் பார்க்க என்ன இருக்கிறது?

எங்கள் அபிராமபுரம் அடுக்ககத்தில் இந்தப் பதவியை வகிப்பவர் இரண்டாம் மாடி வேம்பு. கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். இருபத்தேழு வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாஸ்கல் விதி நடத்துகிறவர். "ஜாக்கின்னா என்ன சார்? பாஸ்கல் விதிக்கு ஒரு கைப்பிடி வெச்சா அதுதான் ஜாக்கி. லாஜிக் ரொம்ப சிம்பிள்" என்பார். இந்த இனத்தில் எல்லோருக்கும் லாஜிக் சிம்பிள்தான். மீறி யாராவது சந்தேகம் கேட்டால் இருக்கவே இருக்கிறது இரண்டு வார்த்தை: "ஒண்ணும் ஆகாது." என்ன ஆகாது, ஏன் ஆகாது என்று கேட்கக்கூடாது. கேட்டால் கரும்பலகை தேடுவார்.

இவர்களை அஜாக்கிரதையான ஆட்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வேம்புவைப் போல முன்ஜாக்கிரதை உள்ளவரை மயிலாப்பூர் வட்டாரத்திலேயே நீங்கள் பார்க்க முடியாது. ஆயில் மாற்றுவது என்று முடிவானதும் அவர் முதலில் எடுத்தது கார் கம்பெனி கொடுத்த புத்தகத்தையா? பஞ்சாங்கத்தை. இரும்பு ஸ்டாண்டு இரண்டு ஆன்லைனில் ஆர்டர் போட்டிருந்தார். அது செவ்வாய்க்கிழமை வரும் என்று போனில் செய்தி வந்துவிட்டது. ஆனால் செவ்வாய்க்கிழமை எதையும் ஆரம்பிக்கக்கூடாது. புதன் அஷ்டமி. வியாழன் நவமி. வெள்ளி காலேஜ். அதற்கு அடுத்த மூன்று நாளும் அவர் ராசிக்குச் சந்திராஷ்டமம். ஆகவே இந்தச் சனிக்கிழமையை விட்டால் தை மாதத்தில் நல்ல நாளே இல்லை.

"அப்போ ஸ்டாண்டு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது."

சனிக்கிழமையிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஒன்பது மணிக்கு ராகு காலம். காபி, பேப்பர், பூஜை எல்லாம் முடித்து அவர் கீழே இறங்கும்போதே எட்டே முக்கால். கால் மணி நேரத்தில் எந்த மெக்கானிக்காலும் ஆயில் மாற்ற முடியாது. அதற்குத்தான் நம் பெரியவர்கள் வழி வைத்திருக்கிறார்களே! ஊருக்குப் புறப்படும் சமயத்தில் நேரம் சரியாக இல்லையென்றால், முன்னதாக நல்ல நேரம் பார்த்துப் பெட்டியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்று பெயர். பெட்டி புறப்பட்டதிலிருந்தே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் அப்புறம் எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை.

வேம்பு காருக்குப் பரஸ்தானம் வைத்தார்.

அதாவது எட்டு ஐம்பதுக்குப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, காரின் முன்பக்கம் ஜாக்கியைக் கொடுத்து, சக்கரம் தரையை விட்டு நாலு விரல் எழும்பும் வரை அடித்து, "ஆரம்பிச்சாச்சு" என்று கையைத் தட்டிக்கொண்டு அடை சாப்பிட மேலே போய்விட்டார். "பரஸ்தானந்தான் வெச்சாச்சே, இப்பவே அடியில போகலாமே?" என்றேன். படியில் நின்று யோசித்தார். "அது பிரயாணத்துக்குச் சொன்னது சார். ஆயிலுக்குச் செல்லுமோ செல்லாதோ, எதுக்கு வம்பு? ராகு காலம் முடியட்டும்" என்றார். பார்த்தீர்களா முன்ஜாக்கிரதையை? அரை டன் பாரத்தைச் சுமந்துகொண்டு அந்தச் சின்ன ஜாக்கி மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம் தன்னந்தனியாக நின்றது. அதற்கு அடை கிடையாது.

பத்து முப்பத்தொன்றுக்கு வேம்பு மறுபடி இறங்கி வந்தார். அக்குளில் பழைய பாய். ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கையில் ஆயில் பிடிக்க அலுமினியக் குண்டான். என்னை டார்ச் பிடிக்கச் சொன்னார். நானும் வீட்டில் வேறு வேலை இல்லாததால் உடனே ஒப்புக்கொண்டேன்.

குனிந்து வெளிச்சம் அடித்தபோது நாலு விரல் இடைவெளி இரண்டு விரலாகியிருந்தது.

நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "ம்" என்றார். "லோடுல கொஞ்சம் செட்டில் ஆகியிருக்கு. நேச்சுரல்" என்று சொல்லி நாலு அடி அடித்து மறுபடி உயர்த்தினார். பேராசிரியர் நேச்சுரல் என்று சொல்லும்போது பி.காம். படித்தவன் என்ன சொல்ல முடியும்? தலையை ஆட்டினேன். அவர் பாயை விரித்தார். முதலில் தலை, பிறகு தோள், பிறகு மார்பு, பிறகு வயிறு என்று ஆலிங்கனம் செய்துகொள்கிறவரைப் போல உள்ளே போனார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே மிச்சம்.

சரியாக அப்போதுதான் அக்பர் பாஷா வந்தார். எங்கள் தெருமுனையில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர். மூன்றாம் மாடி டாக்டரம்மா காருக்கு பேட்டரி மாட்ட வந்தவர், நடந்தபடியே திரும்பிப் பார்த்தார். பேட்டரியை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"இன்னா சார் இது? வண்டி வெறும் ஜாக்கி மேல நின்னுக்கினு கீது. ஸ்டாண்டு எங்க சார்?"

"ஸ்டாண்டு செவ்வாய்க்கிழமை வந்துடும் பாஷா" என்றது அடியிலிருந்து குரல்.

"அப்ப நீங்களும் செவ்வாக்கெழமயே அடியில போங்க சார்."

"பாஷா, பாஸ்கல் விதிப்படி உள்ளே இருக்கற அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாப் பரவும். ரொம்ப சிம்பிள்."

"அவரு படிச்சவரு, கரீட்டாத்தான் சொல்லியிருப்பாரு சார். உங்க ஜாக்கிய அவரு பாத்தாரா? வாஷர் பூட்ச்சி, சுத்தி எண்ணெ கசிஞ்சிக்கினு கீது. எறங்கும் சார் அது. வெளிய வந்துடுங்க."

"ரெண்டே நிமிஷம். ஒண்ணும் ஆகாது."

பாஷா அந்த இரண்டு கால்களையும் பார்த்தார். பிடித்து இழுத்துவிடலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் வேம்பு சாரின் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுக்க யாருக்குத்தான் கை வரும்? என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பக்கத்துலயே நிக்கிறீங்களே, நீங்களாவது சொல்லக் கூடாதா சார்?"

"நான் சொன்னா கேக்கவா போறார்?" என்றேன். சொல்லிப் பார்த்தேனா என்று அவர் கேட்கவில்லை.

அதற்கு மேல் பாஷா நிற்கவில்லை. மாடியைப் பார்த்து, "ஸ்ரீலக்ஷ்மிம்மா! கொஞ்சம் எறங்கி வாங்கம்மா, அவசரம்!" என்று ஒரு கூப்பாடு போட்டார். "எங்கிட்ட ஸ்டாண்டு கீது, எத்துக்கினு வந்துர்றேன்" என்று தெருமுனைக்கு ஓடினார். ஐம்பத்தைந்து வயதுக்காரர், செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளவில்லை.

ஸ்ரீலக்ஷ்மி இறங்கி வந்தார். வேம்புவின் மனைவி. காரைப் பார்த்தார், நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்தார், ஜாக்கியைச் சுற்றித் தரையில் ஊறியிருந்த எண்ணெயைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவர் கத்தவில்லை. வெளியில் வாருங்கள் என்று கெஞ்சவும் இல்லை. கெஞ்சினால் இரண்டு நிமிஷம் என்பார், அழுதால் லாஜிக் என்பார். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் இதுகூடத் தெரியாமலா இருக்கும்? குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏன்னா, ராகு காலம் இன்னும் முடியலையாமே?"

கால்கள் அசைவதை நிறுத்தின.

"என்ன உளர்றே? சனிக்கிழமை ஒம்போதுலேர்ந்து பத்தரை."

"அது சூரியன் ஆறு மணிக்கு உதிச்சாத்தானே? தை மாசத்துல ஆறரைக்கு மேலன்னா உதிக்கறான்? அப்படிப் பாத்தா இன்னும் இருக்கும் போலிருக்கே. உங்களுக்குத் தெரியாததா?"

அடுத்த கணம் வேம்பு வெளியே இருந்தார். பாஷா கேட்டபோது வராதவர், மல்லாந்த நிலையிலேயே சரசரவென்று நகர்ந்து எழுந்து, கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு என் சட்டைப்பையிலிருந்த போனைப் பிடுங்கினார். உதயம் ஆறு முப்பத்தைந்து. அஸ்தமனம் ஆறு மணி. இடையில் உள்ளதை எட்டால் வகுத்தார். உதடு முணுமுணுத்தது.

"பத்து அம்பத்திரண்டு!" என்றார். "இப்ப மணி பத்து நாப்பத்தாறு. அப்போ நான் ராகு காலத்துலயா போய்ப் படுத்துண்டேன்?"

ஜாக்கி இறங்கியது அப்போதுதான்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. களைத்தவர் நாற்காலியில் உட்காருவது போல ஒரு மூச்சு விட்டு, முன்பக்கம் பொத்தென்று தரைக்கு வந்தது. சக்கரம் இரண்டு தரம் குதித்து நின்றது. குனிந்து பார்த்தேன். குண்டான் பாதி உயரத்துக்கு நசுங்கி, வாய் கோணிக் கிடந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, அவர் மார்பு இருந்த இடத்தில், பாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவே அரைச் சாண் இடைவெளிதான் இருந்தது. டார்ச் இன்னும் அந்தப் பாயின் மேலேயே எரிந்துகொண்டிருந்தது.

பாஷா இரண்டு தோளிலும் இரண்டு ஸ்டாண்டுடன் மூச்சிரைக்க வந்து நின்றார். கார் நின்ற நிலையைப் பார்த்தார். பதறிக்கொண்டு வேம்புவைத் தேடினார். அவர் முழுசாக நிற்பதைப் பார்த்ததும் ஸ்டாண்டுகளைத் தொப்பென்று போட்டுவிட்டுத் தரையில் குந்திவிட்டார்.

"அந்த அம்மா கால்ல உழுங்க சார்" என்றார். "மொதல்ல அதச் செய்யிங்க."

வேம்பு செய்யவில்லை. என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் ஓர் ஆராய்ச்சி முடிந்துவிட்ட ஒளி.

"பாத்தேளா சார்! ராகு காலம்னா சும்மா இல்லை. முடிய ஆறு நிமிஷம்தான் பாக்கி! ஆறே ஆறு நிமிஷத்துல காட்டிடுத்து பாருங்கோ!"

ஸ்ரீலக்ஷ்மி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. "உதயத்தை வெச்சுக் கணக்குப் போடறதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? வாயில வந்ததைச் சொன்னேன்" என்றார் என்னிடம், வேம்புவின் காதில் விழாமல். அன்றைக்கு எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

மாலையில் அடுக்கக வாட்ஸப் குழுவில் வேம்புவிடமிருந்து நீளமான செய்தி வந்தது. தலைப்பு: 'வாகனப் பாதுகாப்பு, முக்கியம்'. நாட்காட்டியில் அச்சடித்த ராகு காலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம், உதய நேரத்தை வைத்து அன்றன்று கணக்கிட வேண்டும், தவறினால் உயிருக்கே ஆபத்து, இன்று காலை நேரில் கண்ட உண்மை இது என்று இருபது வரி. ஸ்டாண்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. குழுவில் பதினான்கு பேர் கைகூப்பி நன்றி தெரிவித்திருந்தார்கள். பதினைந்தாவதாக நானும் கைகூப்பினேன். நல்ல மனுஷர், இந்த நாளில் போய் அவர் மனசை ஏன் நோகடிக்க வேண்டும்?

ஆகவே வாசகரே, வீட்டு மெக்கானிக்கிடம் ஜாக்கிரதையாக இருங்கள். 'ஒண்ணும் ஆகாது' என்ற தாரக மந்திரத்தை உங்கள் வாயே எப்போதாவது சொல்கிறதா என்று கவனியுங்கள். கேஸ் சிலிண்டர் ட்யூபைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பீர்கள். ஸ்டூலின் மேல் ஸ்டூலைப் போட்டு ஏறிச் சொல்லியிருப்பீர்கள். இல்லை, எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது, காருக்கு அடியில் நான் ஒரு நாளும் படுத்ததில்லை என்று நிம்மதியாகச் சாய்ந்துகொள்கிறீர்களா?

நானும்தான் படுத்ததில்லை. பக்கத்தில் நின்று நாலு விரல் இரண்டு விரலானதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.