மூன்றாம் பக்கத்தில் இருந்த கரண்ட்

தமிழ் எம்.ஏ. படித்தவளிடம் பேனாவையும் அரசாங்கத் தாளையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது. எண்பதுகளில் திண்டிவனத்தில் ஓர் அலுவலகம் (பெயர் வேண்டாம், பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது) அந்தத் தவறைச் செய்தது.

பம்புசெட்டுக்குக் கரண்ட் கேட்ட விவசாயிகளுக்குப் பதில் எழுதுவது என் வேலை. விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் வாக்கியம் கட்ட ஆரம்பித்துவிடுவேன். "பார்வையில் கண்ட தங்கள் மனுவின் மீது" என்று புறப்பட்டால் முற்றுப்புள்ளி மூச்சு வாங்கித்தான் வந்து சேரும். சூப்பிரண்டு, "எழுத்து முத்து முத்தா இருக்கும்மா" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். (படித்ததில்லை.)

கிளியனூர்ப் பக்கத்து ஏழுமலை கரண்டுக்காக ஏழு வருஷம் காத்திருந்தவர். அவருக்கு அனுமதி வந்துவிட்டது. பதினைந்து நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும். இவ்வளவுதான் சேதி. நான் மூன்று பக்கம் எழுதினேன். எந்தெந்த மனுக்களை ஏற்க இயலாது என்று இரண்டு பக்கம் விதிகளை விளக்கிவிட்டு, நல்ல செய்தியை மூன்றாம் பக்கத்தின் அடியில் வைத்தேன்.

பதினாலாம் நாள் வரை ஆள் வரவில்லை. மறுநாள் கடைசி நாள்; காலையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு கிளியனூர் பஸ் ஏறினேன்.

ஏழுமலை வீட்டு வாசலில், மாட்டுவண்டியில் புது மோட்டார் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் மல்லாட்டைக் கொல்லை (வேர்க்கடலை வயல்) வாடிக் கிடந்தது.

"கரண்டு கெடயாதுன்னு கடுதாசி வந்துடுச்சிங்க. மோட்டார கடையிலயே குடுத்துடலாம்னு எடுத்துக்கினு போறேன்" என்றார் அவர்.

"ஐயோ, கிடைச்சிருக்குன்னுதானே எழுதியிருக்கேன்."

"போஸ்ட்மேன் ரெண்டு பக்கம் படிச்சாரு. அவருக்கே பேஜாரா பூடுச்சி. இயலாதாம்னுட்டுப் போய்ட்டாரு."

அவர் மனைவி பச்சையம்மா மஞ்சள் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். "நீயே படிம்மா."

அக்கம்பக்கம் கூடிவிட்டது. கம்பீரமாகத்தான் தொடங்கினேன். இரண்டு பக்கத்துக்குள் "இயலாது" ஆறு முறை வந்தது. ஒவ்வொரு முறையும் பச்சையம்மா கணவரின் முகத்தைப் பார்த்தார். நடுவில் எந்த வாக்கியத்துக்குள் இருக்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. (எழுதிய புண்ணியவதி நான்தான்.) ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மூன்றாம் பக்கம் போய்ச் சேர்ந்தபோது வண்டிமாடு படுத்துவிட்டிருந்தது.

ஏழுமலை கோபப்படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இத மொத வரியில எழுதியிருந்தா, பத்து நாளா இவளுக்குச் சோறு எறங்கியிருக்கும்மா."

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பச்சையம்மாவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. "ஜல்தியா சட்டையப் போடுய்யா" என்று அவரை என்னோடு பஸ் ஏற்றி அனுப்பினார். ஆபீஸ் மூடுவதற்குள் ஏழுமலை நாலெழுத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று அந்த அலுவலகத்தில் எழுதப்பட்டதிலேயே அதுதான் தெளிவாக இருந்தது.

இதை வீட்டில் சொன்னது நான் செய்த இரண்டாவது தவறு. இன்றுவரை நான் எதைச் சொல்ல வாயெடுத்தாலும், "மூணாம் பக்கத்துக்கு வா" என்பார்கள். மகளின் பிரசவத்தன்று ஆஸ்பத்திரியிலிருந்து மாப்பிள்ளை போன் செய்து, "அத்தை, காலைல வலி எடுத்துச்சா, உடனே ஆட்டோ கூப்பிட்டேன், அந்த ஆளு..." என்று ஆரம்பித்தார். என் கணவர் போனைப் பிடுங்கி, "மூணாம் பக்கம் சொல்லுங்க மாப்ளே" என்றார்.

"பொண்ணு மாமா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அதன் பிறகுதான் எங்களுக்குச் சோறு இறங்கியது.