ஒரே ஒரு தடவை துருவம் போய் வந்தவர்

துருவம் போய் வந்தவர் என்று ஓர் இனம் உண்டு. போனது என்னவோ ஒரே ஒரு தடவைதான். திரும்பி வருவதுதான் இன்னும் முடிந்தபாடில்லை. எங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லையே என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நமக்குக் கிடைத்தவர் ஒரு பள்ளியில் பூகோள ஆசிரியர். இளவயதில் ஓர் ஆராய்ச்சிக் குழுவோடு தென்துருவப் பக்கம் போய், ஒரு நீண்ட குளிர்காலத்தைப் பனிக்கு நடுவே கழித்தவர். வந்ததும் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் விட்டுப்போனதை எல்லாம் சேர்த்து இரண்டாவது எழுதினார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பனிவாத்தியார். அவர் வகுப்பில் பாலைவனப் பாடம் "மணல்னா என்ன? உருகாத பனி" என்றுதான் ஆரம்பிக்கும், மணி அடிக்கும்போது வகுப்பு முழுவதும் ஒரு பனிப்பிளவின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். பரீட்சையில் பாலைவனம் வந்தால்? அது பிள்ளைகள் பாடு.

இந்த இனத்துக்கு இன்னொரு குணம்: சொல்லச் சொல்லக் குளிர் ஏறும். முதல் புத்தகத்தில் அவர் மூக்கு சிவந்தது. இரண்டாவதில் மரத்துப்போனது. வகுப்பில் சொல்லும்போது அநேகமாக உதிர்ந்தே விட்டது. அது முகத்தில் பத்திரமாக இருக்கிறதே என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. மதிப்பெண் போடுகிறவர் அவர்.

வீட்டில் மனைவி தலைவலி என்று படுத்தால் போதும்.

"இதெல்லாம் ஒரு தலைவலியா? பனிப்புயல்ல எங்க சமையல்காரருக்கு வந்துச்சே, அதுக்குப் பேரு தலைவலி."

"அவருக்கு மாத்திரை கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அப்போ எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடுங்க."

அந்த அம்மாளுக்குக் கதை முழுவதும் தலைகீழ்ப் பாடம். எந்த இடத்தில் நாய் குரைக்கும், எந்த இடத்தில் கூடாரம் பறக்கும், எந்த இடத்தில் தாம் "ஐயோ" என்று சொல்ல வேண்டும், எல்லாம் தெரியும். துணி மடித்துக்கொண்டே சரியான இடத்தில் "ஐயோ" சொல்லுவார். ஒரு நாளும் தப்பியதில்லை.

இப்படி இருக்கையில் மூன்றாவது புத்தகம் எழுதி முடிந்தது. பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அதே கூடாரம், அதே புயல். யாரு சார் வாங்குவாங்க?"

"நேர்ல சொல்லிக் கேட்டா அசந்துடுவீங்க."

"சரி. உங்க பள்ளிக்கூட ஆண்டு விழாவுல பேசப் போறீங்களாமே. நானும் வந்து உட்கார்றேன். கூட்டம் கடைசி வரைக்கும் இருந்தா அச்சுக்குப் போகும். எழுந்து போச்சுன்னா, தயவுசெஞ்சு நாலாவதை ஆரம்பிக்காதீங்க."

அன்று முதல் ஆசிரியருக்குச் சோறு இறங்கவில்லை. கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். மூன்று வருட உழைப்பு.

விழாவுக்கு முந்தைய நாள், கொளுத்தும் வெயிலில், அவர் பழைய கம்பளிக் கோட்டு, தோல் கையுறை, ரோமத் தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு, அறைக் கதவைச் சாத்தி ஒத்திகை பார்த்தார். வியர்வை சொட்டச் சொட்ட வெளியே வந்து, மின்விசிறிக்கு அடியில் நின்று, குளிர்பெட்டியிலிருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். காலையில் வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. துருவத்தால் முடியாததைக் குளிர்பெட்டி முடித்துவிட்டது.

மேடைக்கு இனி நீதான் என்பதுபோல மனைவியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"நானா? நான் அங்க போகவே இல்லையேங்க."

"மனப்பாடமாத் தெரியுமே..." தொண்டையிலிருந்து துருப்பிடித்த கதவு திறப்பதுபோல ஒரு சத்தம்.

அந்த அம்மாள் மேடை ஏறினார். கணவர் இருமும் இடத்தில் இருமி, கையை விரிக்கும் இடத்தில் விரித்து, ஒரு சொல் பிசகாமல் சொன்னார். அதுதான் வினை. புயல் வருவதற்குள் பெற்றோர்கள் கைப்பையைத் தேட ஆரம்பித்தார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். பதிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். முன்வரிசையில் கணவரின் முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்கு மனப்பாடம் மறந்து, தாம் அறிந்தது மட்டும் வாயில் வந்தது.

"அந்தப் புயலப்போ இவரு கூடாரத்துல இருந்தாரு. நான் கைக்குழந்தையோட வீட்டுல இருந்தேன். அங்க கூடாரம் பறந்துச்சு. இங்க கூரை ஒழுகிச்சு. பறந்ததுக்கு நாலு பேரு வந்து கட்டினாங்க. ஒழுகினதுக்கு நான்தான் வாளி வச்சேன்."

சிரிப்பு எழுந்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

"மாசத்துக்கு ஒரு தடவை ரேடியோவுல இவரு குரல் வரும். ரேடியோவைக் காட்டி, பாப்பாவுக்கு 'அப்பா'ன்னு சொல்லிக் குடுத்தேன். ராத்திரி ஆனா அவ ரேடியோவுக்கு முத்தம் குடுத்துட்டுத்தான் தூங்குவா. இவரு திரும்பி வந்த அன்னைக்கு, பாப்பா தாடியப் பார்த்துப் பயந்து ஓடிட்டான்னு இவரு புத்தகத்துல எழுதியிருக்காரு. அவ ஓடல. இந்தக் குரல் எங்கிருந்து வருதுன்னு ரேடியோவுக்குப் பின்னாடி போய்த் தேடினா."

கூட்டம் கடைசி வரை அசையவில்லை. பதிப்பாளர் மேடைக்கே வந்துவிட்டார்.

"அச்சடிக்கிறேன் சார். ஒரு அத்தியாயம் நீங்க, ஒரு அத்தியாயம் அம்மா. சம்மதமா?"

ஆசிரியர் தலையை ஆட்டினார். வேறு வழி? தொண்டை இல்லையே.

வீட்டுக்கு வந்ததும் அவர் கரகரத்தார். "பாப்பா தேடினதை எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எப்போ கேட்டீங்க?"

ஆசிரியர் ஒரு நாற்காலியை இழுத்து அந்த அம்மாளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, இப்போ கேக்கறேன். அப்புறம் என்ன ஆச்சு?"

அவர் கேட்டார், அந்த அம்மாள் சொன்னார். புத்தகமும் நன்றாகவே விற்றது. இதோடு நிறுத்திக்கொண்டால் கதை சுபம். ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறதே. இப்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி "குழாய்ல தண்ணி வரலைக்கா" என்று வந்து நின்றால் போதும்; "தண்ணியா? அன்னைக்கு மேடையில எனக்கு நாக்கு வறண்டுச்சு பாரு" என்று அந்த அம்மாள் ஆரம்பித்துவிடுகிறார். முதலில் முந்நூறு பேர் இருந்த அந்தக் கூட்டம் இப்போது வெளியே சாலைவரைக்கும் நிற்கிறது. ஆசிரியர் துணி மடித்துக்கொண்டே "ஐயோ" சொல்லப் பழகிவருகிறார்.

நீங்கள் துருவம் போனதில்லை, மேடையும் ஏறியதில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வீடு கட்டியிருப்பீர்கள். ஓர் அறுவை சிகிச்சையிலிருந்து பிழைத்து எழுந்திருப்பீர்கள். குறைந்தபட்சம் ஒரு மேலதிகாரியை முகத்துக்கு நேரே ஒரு கேள்வியாவது கேட்டிருப்பீர்கள். அடுத்த முறை யாராவது "மழை வரும்போல இருக்கு" என்று சொன்னால், உங்கள் வாய் எந்தத் திசையில் புறப்படுகிறது என்று கவனியுங்கள். எதிரில் இருப்பவரையும் ஒரு பார்வை பாருங்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால், அது குளிரினால் அல்ல.