சத்தமில்லாத பெட்டிக்கு முப்பத்து நான்கு மதிப்பெண்

சின்ன காஞ்சிபுரம்,
25.1.2009

அன்பு மகள் பொன்னிக்கு அப்பா ராஜகோபால் எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சௌக்கியம். டொரண்டோவில் உன் சௌக்கியத்துக்காகவும், அந்த ஊரில் பனி கொஞ்சம் குறைவாகக் கொட்டவேண்டும் என்றும் அம்மா தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறாள். உன் தோழி மூலம் நீ அனுப்பிய, ஃபேன் இல்லாத சின்னக் கம்ப்யூட்டர் போன மாதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. இந்தக் கடிதத்தை நான் கையால் எழுதவேண்டி வந்திருப்பதிலிருந்தே அதன் லட்சணம் உனக்குப் புரிந்திருக்கும்.

"ஒரு மாசம் வச்சுப் பாத்துட்டு நல்லது கெட்டது ரெண்டையும் எழுதுங்கப்பா. தொந்தரவு குடுத்தா வைகாசில நானே வந்து சரிபண்றேன். நல்லா ஓடிச்சுன்னா கருட சேவையக் கேமராவுலயே காட்டிடுங்க, எனக்கு லீவு மிச்சம்" என்று நீ சொன்னாய். முப்பத்து மூன்று வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். கருட சேவைக்கு நீ வந்து நான்கு வருடமாகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல், நடுநிலையாகவே மதிப்பெண் போடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பழைய கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் ஒரு ஆள் குந்தியிருக்கிற மாதிரி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. இது நம் தமிழ் அகராதியைவிடச் சிறியது. அதன் பக்கத்திலேயே நிற்க வைத்திருக்கிறேன். பழையதில் ஃபேன் காற்றை இழுக்கும்போது தெருப்புழுதியையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஒருமுறை திறந்தபோது உள்ளே ஒரு பல்லி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கும். இதற்குள் எறும்பு போகவும் வழியில்லை. மின்சாரமும் கொஞ்சம்தான் தின்கிறது. கரண்ட் போனால் பழையது யூ.பி.எஸ்.ஸில் கால் மணி நேரம் தாக்குப்பிடிக்கும், இது ஒரு மணி நேரத்துக்கு மேல் அசராமல் ஓடுகிறது. இதற்கெல்லாம் சேர்த்து முப்பது மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.

இனிக் கெட்டது. வந்த அன்றைக்கே உன் அம்மா அதற்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். புது மிக்சிக்கும் உன் சைக்கிளுக்கும் வைத்தவள் இதற்கு மட்டும் வைக்காமல் விடுவாளா? ஆனால் பொட்டு வைத்த இடம் அதன் நெற்றி இல்லை, முன்பக்கத்தில் எரிகிற ஒரே ஒரு நீல விளக்கு. அது எங்களுக்குத் தெரியாது. விளக்கும் இல்லை, ஃபேன் சத்தமும் இல்லை, சும்மா விட்டால் திரையும் இருட்டாகிவிடுகிறது, பிறகு அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று யார் சொல்வது? நின்றுவிட்டது என்று நினைத்து நான் பொத்தானை அழுத்துவேன், ஓடிக்கொண்டிருந்தது அப்போதுதான் நிஜமாக நிற்கும். உடனே அம்மா வந்து, "என்னங்க, இன்னும் ஆன் பண்ணலியா?" என்று தன் பங்குக்கு ஒருமுறை அழுத்துவாள். இப்படி இரண்டு நாள் அதை எழுப்புவதும் தூங்கவைப்பதுமாக இருந்தோம். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுத் தணிகாசலம் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"இன்னா சார், ரெண்டு நாளா உங்க வூட்ல சத்தமே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"புதுக் கம்ப்யூட்டர்பா. ஃபேன் இல்லை, சத்தம் வராது."

"சத்தம் வராம இன்னா மிஷினு சார் அது? என் தறி நின்னா இழை அறுந்துச்சான்னு தெருவே எட்டிப் பாக்குது. இது செத்துக்கினு இருந்தாக்கூட ஒருத்தனுக்கும் தெரியாது போலக்குதே!"

"நல்ல வார்த்தை பேசுங்கண்ணா, பொண்ணு அனுப்பிச்சது" என்றாள் அம்மா. அவர் வருத்தப்பட்டு, பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "சூடு இருக்குதுமா, உசுரு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது ஓடுகிறதா என்று பார்க்க, காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்துப் பார்க்கிறோம். சூடு என்றதும் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. இந்தத் தைக் குளிரில் பால் சரியாக உறையவில்லை என்று பாத்திரத்தைக் கொண்டுவந்து அதன் தலையில் வைத்துவிட்டாள். தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி உறைந்தது. கம்ப்யூட்டர் என்று பார்த்தால் அதற்கு மதிப்பெண் கிடையாது, தயிருக்காக நான்கு போட்டேன்.

ஆனால் மன்னிக்க முடியாத குறை ஒன்று இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் உன் முகம் பாதியில் உறைந்துபோகும், குரல் அறுபடும், ஃபேன் வேறு இரையும். "அப்பா, கேக்குதா?" என்று நீ பத்துத் தடவை கேட்பாய். "என்ன சாப்பிட்டே?" என்று அம்மா நான்கு தடவை கேட்பாள், நீயும் நான்கு தடவை சொல்வாய். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் போவதே தெரியாது. நாம் கத்துகிற கத்தலில் உனக்குச் சளி பிடித்தது தணிகாசலத்துக்கும் தெரிந்துவிடும், மறுநாள் வந்து விசாரிப்பார். இப்போது எல்லாம் முதல் தடவையே தெளிவாகக் கேட்டுவிடுகிறது. போன வாரம் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பதே நிமிடம். பேச வேண்டியது தீர்ந்துபோய் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நீ, "வேற ஒண்ணும் இல்லியேப்பா?" என்றாய். நானும் இல்லை என்றேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நீ பேசி முடித்து வைத்த பிறகும் பழையது கொஞ்ச நேரம் இரைந்துகொண்டிருக்கும். வழியனுப்பிய பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகும் அதன் சத்தம் கேட்டுக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி. அது அடங்கும்வரை நானும் அம்மாவும் எழுந்திருக்க மாட்டோம். இதில் நீ போனதும் அறை உடனே அமைதியாகிவிடுகிறது.

ஆகவே மொத்தம் முப்பத்து நான்கு. தேர்ச்சிக்கு ஒரு மதிப்பெண் குறைகிறது, பெட்டி ஃபெயில். கருட சேவையை இதில் காட்ட முடியாது. கோபுர வாசலில் பெருமாளைக் குடைகளால் ஒரு கணம் மறைத்து, மறுபடி காட்டும்போது எழும்புகிற அந்தக் கூச்சல் இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் எப்படி நுழையும்? நீ சொன்னபடி வைகாசியில் நேரில் வந்து பார்த்துச் சரிசெய்வதுதான் முறை.

நீ நிறைந்த ஆயுளோடும், காதை மூடுகிற குல்லாயோடும், குறைவில்லாமல் இருக்க வரதராஜப் பெருமாள் அருள்புரியட்டும். அம்மாவின் ஆசிகளும், தணிகாசலத்தின் விசாரிப்பும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராஜகோபால்

பி.கு.: கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பாஸ் பண்ண புள்ளைய ஃபெயிலாக்கிட்டு உங்களால நிம்மதியா சாப்பிட முடியுமா?" என்று கேட்டுவிட்டாள். முடியவில்லை. உண்மை இதுதான்: குங்குமத்தை அன்றைக்கே துடைத்துவிட்டோம். பெட்டி ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. இந்தக் கடிதத்தையே அதில் அடித்து, பிழை திருத்தி, பிறகு பார்த்துக் கையால் எழுதினேன். அதன் சரியான மதிப்பெண் தொண்ணூற்று எட்டு. ஆனால் நேற்றுப் பழைய பெட்டியைப் போட்டுப் பார்த்தேன், ஃபேன் சுற்றவில்லை, அது கொஞ்சமும் இரையவில்லை. இது சத்தியம். அதை வைகாசியில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ.